வெள்ளிக்கிழமைக்குள் நிமிர வேண்டும்

"நிமித்திடலாம் அண்ணே. ஆனா என் கை கொஞ்சம் பிசகினா ரெண்டு காலும் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் பவுனம்மாள்.

கிள்ளான் பட்டணத்தில் எலும்பு பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பாயில் குப்புறக் கிடந்த இருதயம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி வெரோனிகாவின் விரல்கள் நின்றுவிட்டன.

இருபத்தைந்து வருடம் ரப்பர் பால் வாளி சுமந்த முதுகு. எலும்புக்குள் நரம்பு போகும் வழி குறுகிவிட்டது என்று பவுனம்மாள் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டாள். குனிந்து ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் இருதயம் மைல் கணக்கில் போவான். நிமிர்ந்து பத்தடி வைத்தால் போதும், இடுப்பில் தீப்பிடிக்கும், கால்கள் மரத்துப்போகும்.

குனிந்தே காலத்தை ஓட்டியிருப்பான். பாழாய்ப்போன ரப்பர் விலை விழுந்து தொலைத்தது. மேருவில் அவர்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து ஒவ்வொருவரையும் நடக்கவிட்டுப் பார்ப்பாராம். டாக்டர் எதற்கு வருவார்? நோஞ்சான்களைக் கழிக்கத்தான். கூலிக்காரர்களின் லயத்து வீடுகள் முழுக்க இதே பேச்சு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் நேரில் போய்க் கேட்கும் தைரியம் மட்டும் ஒருவருக்கும் இல்லை.

வெரோனிகா மேருவிலேயே பிறந்தவள். கடல் தாண்டி அந்தக் கரையில் அவர்களை வா என்று சொல்ல ஒரு நாதி கிடையாது. ஒரே மகள் உர்சுலாவைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு இது ஏழாவது மாதம்.

வெரோனிகா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கூனோடு இருந்தாலும் பரவாயில்லை, எழுந்து வாருங்கள் என்று கெஞ்சினாள்.

"கப்பல்ல ஏத்திட்டா பேரப்புள்ள மூஞ்சியக்கூட பாக்க முடியாது, வெரோனி," என்றான் அவன். பவுனம்மாள் பக்கம் திரும்பினான். "நீங்க அமுக்குங்கம்மா."

பவுனம்மாள் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மேலே இருந்த காலை முழங்காலில் மடக்கி, தோளில் ஒரு கையும் இடுப்பில் முழங்கையும் ஊன்றி, மூச்சை விடச் சொன்னாள். அவன் விட்டான். சடக்கென்று ஒரு சத்தம். வெரோனிகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இருதயத்துக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. "கால் இருக்கா பாரு வெரோனி," என்று முனகினான். அவள் பார்க்கப் பயந்து அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெருவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்கள். சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றான். நரம்பு போகும் வழியை அகலமாக்க யாராலும் முடியாது, இது பத்து நாள் தாங்கினால் பெரிது என்று பவுனம்மாள் எச்சரித்து அனுப்பினாள். அவனுக்கு வெள்ளிக்கிழமை வரை தாங்கினால் போதும்.

தாங்கியது. டாக்டர் முன்னால் இருதயம் நிமிர்ந்து நடந்தான். திரும்பி வரச் சொன்னார், வந்தான். அடுத்து வந்த சபாபதி நாலடியில் தடுமாறி உட்கார்ந்துவிட்டான். அவனைத் தனியே மரத்தடியில் உட்கார வைத்தார்கள். பாவம், அவன் பிழைப்பு போயிற்று என்று இருதயம் மனதாரப் பரிதாபப்பட்டான்.

பெயர் எழுதிக்கொண்டிருந்த கிராணி வாலண்டைனிடம் மெல்ல நெருங்கி, "நான் தேறிட்டேனாங்க ஐயா?" என்று கேட்டான்.

"தேறிட்ட, இருதயம். நடக்க முடியாதவங்களக் கப்பல்காரன் ஏத்த மாட்டேன்னுட்டான், அதனால அவங்க இங்கேயே இருக்கட்டும்னு தொர சொல்லிட்டாரு. நீதான் நல்லா நடக்குறியே, திங்கக்கிழமை பொண்டாட்டியோட கப்பலுக்குப் பொறப்படு."