தேவையில்லாத அசைவு

"கையை மட்டும் காட்டுனா பத்தாது சார். முழு வீடியோவத் தொறங்க."

கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்று சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள். கை தெரிகிற அளவுக்கு வெட்டிய படம்தான் உனக்கு. யார் கை, அவள் எங்கே பார்க்கிறாள், அதெல்லாம் உனக்கு வேண்டாம்.

மேனேஜர் துளசிராமன் சார் நிமிர்ந்து பார்த்தார். செவ்வாப்பேட்டைக்காரர். எரிச்சல் வந்தால் ஆங்கிலம் போய்விடும்.

"இன்னாத்துக்கு ஏஞ்சல்? வெட்டச் சொன்னா வெட்டிட்டுப் போ. பெரிய ஆராய்ச்சி பண்ணிக்கினு கீற."

மேசையில் அந்த இயந்திரக் கை ஐந்து விரலையும் விரித்தபடி நின்றிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் காருக்கு வயர் கட்டும் கம்பெனி எங்களுடையது. கீழே லைனில் பெண்கள் கேமரா வைத்த தொப்பியோடு வேலை செய்கிறார்கள். பாதுகாப்புக்கு என்று சொல்லி மாட்டிவிட்டார்கள். அந்த வீடியோவை மாடியில், இந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து நான் பிரிக்கிறேன். வயரை எடுத்தால் வேலை. கனெக்டரில் செருகினால் வேலை. மூக்கைச் சொறிந்தால் தேவையில்லாத அசைவு. வேலை என்று நான் குறித்ததையெல்லாம் அந்தக் கை கற்றுக்கொள்ளும்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் காலனியில் முதல் டிகிரி என்னுடையது. படித்ததற்கு இந்த வேலைதான் கிடைத்தது.

இன்றைக்குச் சோதனை. கை பாஸாகிவிட்டால், கீழே கான்ட்ராக்ட் முடிகிற யாருக்கும் நீட்டிப்பு கிடையாது. சட்டத்திலும் இப்போது அதற்கு வழி இருக்கிறதாம். கம்பெனி வந்தபோது கட்டிய 'ஆயிரம் பேருக்கு வேலை' பேனர் கேட்டில் இன்னும் கிழியாமல் தொங்குகிறது.

அந்த லைனில் என் அம்மா ரோசம்மாள் இருக்கிறாள்.

இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றது அவள்தான். "உள்ள வந்தா என்னத் தெரியாத மாரியே இரு. லைன்ல கீறவ பொண்ணுன்னு தெரிஞ்சா அந்தச் சேர்ல உக்கார வுட மாட்டானுங்க." நான் எழுந்திருக்கும் முன்பே முதல் ஷிப்ட் பஸ்ஸில் போய்விடுவாள். காலையில் நான் பார்ப்பது அவள் மூடி வைத்துவிட்டுப் போன சோற்றைத்தான்.

சற்று முன் சோதனை தொடங்கியதும் கை வயரை எடுக்கவில்லை. மேசை விளிம்பைத் தொட்டது. மேலே எழுந்தது. கட்டைவிரலால் காற்றில் ஒரு கோடு போட்டது. குறுக்கே இன்னொன்று. அப்புறம்தான் வயருக்குப் போனது.

புனேயிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் சிரித்துவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதேதான்.

"சிலுவ போடுதுய்யா. மிஷினுக்கு ஞானஸ்நானமே குடுத்துட்டாளுங்க போல. அத வெட்டிடு ஏஞ்சல்," என்றார் துளசிராமன் சார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது யார் கை என்று எனக்குத் தெரியும். வெட்டிய படத்திலும் அம்மாவின் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருப்பது தெரியும். வேலை தொடங்கும் முன் அவள் ஜெபம் செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் போய்த் தேவையில்லாத அசைவு என்று குறிக்க மனம் வரவில்லை. வேலை என்றே குறித்துவந்தேன்.

படத்தில் தெரியாதது இப்போது தெரிந்தது. தனக்குச் சிலுவை போட்டுக்கொள்பவள் நெற்றியையும் நெஞ்சையும் தொடுவாள். இந்தக் கை வெளியே நீண்டது. உயரத்தில் யாருடைய நெற்றியிலோ போடுவதுபோல் போட்டது. ஆள் இல்லை, கை மட்டும். யாருக்கு என்று பார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் கேட்டேன்.

"சரி, தொற," என்றார் துளசிராமன் சார் இன்ஜினியரிடம். "எவளுன்னு பாத்து மொதல்ல அவள அனுப்பிடலாம்."

இப்படி ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. வேண்டாம் சார் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் திரையில் முழுப் படமும் வந்துவிட்டது.

மேசை விளிம்பு. அதைத் தொடும் விரல்.

பிறகு படம் மெல்ல மேலே போனது. அம்மா தலையை நிமிர்த்துகிறாள். தகரக் கூரை, டியூப்லைட், மாடியில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் காலி நாற்காலி. அதன் முதுகில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர்.

ஏசி குளிருக்காக நான் இங்கேயே விட்டுப்போகிற ஸ்வெட்டர்.

அதற்குத்தான் அந்தக் கட்டைவிரல் சிலுவை போட்டது.

துளசிராமன் சார் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அதைத்தான் போட்டிருந்தேன்.

"ஏம்மா, அது ஒன் சேர்தான? யாரு அது?"

தெரியாது என்று சொல்லலாம். அதை வெட்டிவிட்டு உட்காரலாம். என் நாற்காலி எனக்கே இருக்கும். அம்மாவைக் கேட்டால் அதைத்தான் செய்யச் சொல்வாள்.

ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். கதவைத் திறந்தேன்.

"ஏய், கேக்கறேன்ல?"

பின்னால் மோட்டார் சத்தம். யாரோ அந்தக் கையை மறுபடி ஓட்டுகிறார்கள். நான் திரும்பவில்லை.

படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். தொப்பி எதற்கு என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் ஒருத்தியைக் கூப்பிட வேண்டும்.

அத்தனை மிஷின் சத்தத்துக்கும் மேலே கேட்கிற மாதிரி, அம்மா என்று.