மாமியாரின் பல்செட்

"அந்த ஆள் இன்னிக்கும் வாயை மூடலைன்னா, உங்க படகுக் கம்பெனி மேலேயே புகார் கொடுப்பேன்!"

அக்கரை ஆபீசின் புது மேனேஜர், படகில் கால் வைத்ததுமே டிக்கெட்காரரிடம் எகிறினார்.

எகிறாமல் என்ன செய்வார்? தினமும் எதிர் சீட்டில் ஒரு லவுட்ஸ்பீக்கர். படகு கிளம்பினால் போதும், போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊரையே கூட்டும்.

"ஏண்டி, உங்கம்மா பல்செட்டைக் காணோம்னா, நானா எடுத்து மாட்டிக்கிட்டேன்?"

ஒரு மாசமாக இதே பல்செட் பஞ்சாயத்து. மேனேஜருக்கு ரத்தம் கொதிக்கும்.

"பேசிட்டுப் போகட்டுமே சார்..." டிக்கெட்காரர் தலையைச் சொறிந்தார்.

"ஓஹோ, நீங்களும் உடந்தையா?"

அவர் வேறு வழியில்லாமல் போய், லவுட்ஸ்பீக்கர் காதில் ஏதோ சொன்னார். போன் பைக்குள் போனது.

பக்கத்து சீட்டு டீச்சருக்கு முகம் சுருங்கியது. "நேத்து மச்சான் மேல சந்தேகம்னு வந்து நின்னுது. இனிமே யார் எடுத்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

படகு கிளம்பியது. அப்பாடா, என்ன அமைதி!

அந்த அமைதிக்கு ஆயுசு கம்மி. சளக், சளக் என்று கீழே ஏதோ சத்தம். மேனேஜர் படகின் ஓரமாக ஆற்றை எட்டிப் பார்த்தார்.

தண்ணீர்! இக்கரையும் தூரம், அக்கரையும் தூரம். மனுஷனுக்கு நீச்சல் தெரியாது. இந்தப் பயத்தில்தான் மேனேஜர் பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க இருந்தார். முதல் நாளோடு தொலைந்தது என்று நினைத்த பயம், இப்போது வட்டியும் முதலுமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

"ஐயோ, திருப்புங்க! வேலையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். என்னைக் கரையில விட்டுடுங்க!" கம்பியைக் கட்டிக்கொண்டு அலறினார்.

லவுட்ஸ்பீக்கர் சட்டென்று போனை எடுத்தார்.

"என்னது, பல்செட் என் பையில இருந்துச்சா? அபாண்டம்டி! உங்கம்மா நல்லா இருப்பாளா?"

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டான்!" மேனேஜர் கம்பியை விட்டுவிட்டுச் சீறினார். "கட்டின பொண்டாட்டிகிட்ட இப்படியா கத்துவான் ஒருத்தன்?"

டிக்கெட்காரர் அவர் காதருகே குனிந்தார்.

"அவருக்குக் கல்யாணமே ஆகலை சார். முதல் நாள் இதே மாதிரி அலறினீங்களே, அப்போ அவருக்கு ஒரு போன் வந்துது. அவரைத் திட்டுற மும்முரத்துல நீங்க ஆத்தையே மறந்துட்டீங்க. அன்னியிலேருந்து பாவம், உங்களுக்காக இல்லாத மாமியாரோட தினமும் மாரடிக்கிறாரு!"