ஆயரின் கல்லறைக்கு அடியில்

எங்கள் ஊர் தேவாலயத்தில், புனிதராகிவிட்ட பழைய ஆயரின் கல்லறைக்கு அடியில் உள்ள பொந்தில் நான் குப்புறக் கிடக்கிறேன். திருவிழாவன்று இதில் தவழ்ந்து அந்தப் பக்கம் வெளியேறும் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம். பின்வாங்கினால் குடும்பத்துக்கே பாவமாம். பின்னால் அம்மா என் பாதத்தைப் பிடித்துத் தள்ளுகிறாள். "நகருடி நுன்சியா! படிச்சுப் படிச்சு இடுப்புதான் பெருத்துப்போச்சு." முன்னால், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அம்மா பார்த்து வைத்த மாப்பிள்ளையின் தாய் எர்சிலியா மோதிரத்தோடு குனிந்திருக்கிறாள். "கைய நீட்டு மருமகளே. தூரின் நகரத்து வேலையெல்லாம் இனி எதுக்கு?" அந்த வேலை உத்தரவு என் சட்டைக்குள் வியர்வையில் ஊறுகிறது. முதுகில் கல் அழுத்துகிறது. ஆயர் பதவியே வேண்டாமென்று, கல்லறை எழும்பும் முன்பு இதே பொந்தில் ஒளிந்தவர்தான் இந்தப் புனிதரும். காலைப் பிடித்து இழுத்துப் போய்த்தான் மகுடம் வைத்தார்கள். எர்சிலியாவின் விரல்கள் என் விரலைத் தேடி வருகின்றன. கையை இறுக மூடிக்கொள்கிறேன். இழுத்துப் பார்க்கட்டும்.