குமுதவல்லியின் இடம்

குமுதவல்லி என்று எழுதி முடித்ததும் சரவணமுத்து வாத்தியார் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

வெள்ளையடித்த பலகைச் சுவரில் நீல எழுத்து எடுப்பாகத்தான் இருந்தது. துணிக்குப் போடும் நீலம்தான். கூலாய் டவுனில் அபூபக்கர் கடையில் வாங்கித் தண்ணீரில் குழைத்து, தென்னை மட்டையை நசுக்கித் தூரிகை செய்து எழுதியிருந்தார்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது.

நேற்றுவரை அது ஆயாக்கொட்டகை. தாய்மார் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனால் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகும் இடம். தோட்டத்துத் துரை நடுவில் ஒரு தட்டியை வைத்து, ஒரு பாதியைத் தொட்டில்களுக்கு விட்டு, மறு பாதியை வாத்தியார் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதைப் பள்ளிக்கூடமாக்க மனிதர் பட்ட பாடு கொஞ்சமில்லை. வர்ணக் காகிதத்தைச் சங்கிலியாக ஒட்டி உத்திரத்தில் மாட்டினார். அட்டையில் உயிரெழுத்துகளை எழுதித் தொங்கவிட்டார். சுவரோரமாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம், தலைக்கு மேலே அதனதன் பேர். தினமும் தன் பேரைப் பார்க்கிற பிள்ளைக்கு எழுத்து தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை.

அந்தப் பேர்களில்தான் இடித்தது.

ஆயா கருப்பாயி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவருக்கு முகம் சுளித்துப் போயிற்று. குப்பாயி. தவிடன். பிச்சை. மூக்கன். இன்னொரு பிச்சை. பெற்ற பிள்ளைக்கு ஒரு பேர் வைக்கக்கூடவா தெரியாது இந்தச் சனத்துக்கு?

பேர் விஷயத்தில் அவர் லேசுப்பட்டவர் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் பிறந்த மகனுக்குப் புராணமெல்லாம் புரட்டி அம்பிகைபாகன் என்று தேடி வைத்தவர். எத்தனை தரம் கூப்பிட்டாலும் அந்தப் பயல் திரும்பிப் பார்க்காதது வேறு விஷயம்.

ஆகவே, முதல் எழுத்தின் ஓசையை மட்டும் ஒட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருத்தினார். தவிடன் தவராசா ஆனான். மூக்கன் முத்துக்குமாரு. ஒரு பிச்சை பிரமநாயகம், மற்றவன் பிறைசூடி. குப்பாயி குமுதவல்லி.

பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் வாளியோடு வந்த குப்பாயியின் தாய் அங்கம்மா வாசலில் நின்றாள். காகிதச் சங்கிலியை அண்ணாந்து பார்த்து அவளுக்கு வாயெல்லாம் பல்.

"எம் புள்ள எங்கங்க ஐயா ஒக்காரும்?"

வாத்தியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. சுவரைக் காட்டினார்.

"இதுதான் உன்ர பிள்ளையின்ர இடம். குமுதவல்லி எண்டு மாத்திப்போட்டன். குப்பாயி எண்டு எழுதினால் வடிவாயிருக்குமோ?"

அங்கம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

வாளியை வைத்துவிட்டு நேரே சுவருக்குப் போனாள். முந்தானையால் எழுத்தைத் தேய்த்தாள். காயாத நீலம் சுவரெல்லாம் இழுபட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

பிறகு திரும்பி வாசலைப் பார்த்தாள். அங்கே யாரோ நிற்பதுபோல், கைகட்டிப் பணிவாகச் சொன்னாள்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க. இங்க கெடக்கறது வெறும் குப்பைதாங்க."

வாத்தியாரும் திரும்பிப் பார்த்தார். வாசலில் வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கருப்பாயி ஓடிவந்து அங்கம்மாவை அணைத்துக்கொண்டாள்.

"இதுக்கு முந்தி நாலு புள்ள போச்சுங்க ஐயா. இத குப்பையில போட்டு எடுத்துத்தான் பேரு வச்சோம். குப்பைய யாருங்க தூக்கிட்டுப் போவா?"

தவிடனைத் தவிட்டுக்கு விற்று வாங்கினார்களாம். மூக்கனுக்கு மூக்குக் குத்தினார்களாம். பிச்சைகள் இரண்டும் பிச்சையாகக் கேட்டு வாங்கியவை. கருப்பாயி அடுப்படிக் கதைபோலச் சொல்லிக்கொண்டே போனாள்.

வாத்தியாருக்குத் தெரியாத வழக்கமா? யாழ்ப்பாணத்தில் அவர் தெருவிலும் ஒரு பிச்சை இருந்தான். தெருவுக்கு ஒருவன் சரி. ஒரு தோட்டம் முழுக்க இருக்கும் என்று எவன் கண்டான்? அவர் அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று நினைத்துச் சிரிக்கவும் செய்திருந்தார்.

சுவரைப் பார்த்தார். அதில் எழுதிய பிள்ளைகளைவிட எழுத முடியாத பிள்ளைகள் அதிகம்.

சுண்ணாம்பு வாளியை எடுத்துச் சுவர் முழுவதையும் மறுபடி வெள்ளையடித்தார். காய்ந்ததும் பழைய பேர்களையே எழுதினார். குப்பாயியைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினார்.

அந்தி சாய வீட்டுக்கு வந்தார். அவர் தலை தெரிந்ததும் மனைவி செல்லப்பாக்கியம் தொட்டிலை ஆட்டினாள்.

"அம்பிகைபாகா, அப்பா வாறார்."

உள்ளே வந்தவர் முதலில் கதவைச் சாத்தினார்.

"இஞ்சரும், அந்தப் பேரைச் சத்தமாய்ச் சொல்லாதையும். இனிக் குப்பை எண்டு கூப்பிடுவம்."

இவருக்கு என்ன பிடித்துவிட்டது என்று கேட்பாள் என நினைத்தார். செல்லப்பாக்கியம் கேட்கவில்லை. முன்பு தெப்ராத் தோட்டத்தில் இருந்த காலத்தில் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் தொட்டிலுக்குள் குனிந்து, மெல்ல, குப்பை என்றார்.

குழந்தை சட்டென்று திரும்பிச் சிரித்தது.