போனவர் ஒருவர், வந்தவர் ஒருவர்

நிறைமாதக் காதலியின் பக்கத்தில் தொண்ணூறு நாள் இருக்க லிசாந்த்ரோ கொடுக்கும் விலை, நான்கு டாலர் பேருந்துக் கட்டணம், மூக்கில் ஒரு குச்சி. கொரோனாவில் கல்யாணப் பதிவு நின்றுபோனதால் அந்த அர்ஜென்டினாக்காரன் கோஸ்டாரிகாவில் இன்னும் சுற்றுலாப் பயணிதான். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை வெளியே போய்த் திரும்ப வேண்டும்.

தெருவைத் தாண்டினால் பனாமா. எல்லைத் தெருவில் செருப்புக்குக்கூடப் பேரம் உண்டு, பாஸ்போர்ட் முத்திரைக்குக் கிடையாது. போய் முத்திரை வாங்கினான். திரும்பும் வரிசையில்தான் மூன்று மணி நேரம் நின்றான்.

கோஸ்டாரிகா குடியேற்ற ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மாள் திரையைப் பார்த்தாள்.

"நீங்கதான் பத்தரைக்கே உள்ள வந்துட்டீங்களே?"

"விளையாடாதீங்கம்மா. காலையிலேருந்து இந்த வெயில்லதான் காயறேன்."

"முகக்கவசத்தை இறக்கச் சொல்லி நானே பாத்தேன், இதே மூஞ்சி. உடம்புச் சூடு இருபத்திரண்டு டிகிரி. காய்ச்சல் இல்லையேன்னு விட்டுட்டேன்."

அரை மணி தூரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போன் செய்தான். காதலி யோர்லெனி சிரித்தாள்.

"குளியலறையில இருந்துக்கிட்டு எதுக்குடா போன்? சீக்கிரம் வா. நீ ஜில்லுன்னு வயித்துல கை வெச்சதுலேருந்து பாப்பா உதைக்கவே இல்ல."

"குளியலறைக் கதவைப் பூட்டிட்டு வெளிய ஓடு!" என்று கத்தினான். அதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

"அம்மா, என்னை உள்ள விடுங்க."

அவள் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளினாள்.

"எப்படிங்க விடறது? போனவர் ஒருத்தர், வந்தவர் ஒருத்தர். கணக்கு சரியா இருக்கு. அடுத்தவங்க வாங்க."