மலையிலே வாங்கிய வீடு

“அத்தான், நாப்பது ஆம்பிளையள் உங்கடை வீட்டைச் சுத்தி நிக்கினம். கையிலை நீட்டு நீட்டாய் மூங்கில் வேறை. இது நல்லதுக்கில்லை.”

வின்சென்ற் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இழுத்தார். திரையில் ஜாவாத் தீவின் மலைச்சரிவு, சுந்தா சனங்களின் சின்னக் கிராமம். நான்கு கருங்கற்களின் மேல் கால் வைத்து நின்றது ஜெயரத்தினம் வாங்கிய மரவீடு.

ஜன்னலுக்கு வெளியே ஒஸ்லோவின் ரொம்சோஸ் புறநகர் பனியில் புதைந்து கிடந்தது. ஜெயரத்தினம் முழங்காலைத் தடவிக்கொண்டார். வடக்கே வார்டோ மீன் ஆலையில் மீன் வெட்டிய குளிர் ஒரு முழங்காலில், ஒஸ்லோவில் இரவிரவாக பஸ் கழுவிய ஈரம் மற்றதில். அடுத்த மாதம் ஓய்வூதியம். இனி ஒவ்வொரு பனிக்காலமும் அந்த மலையில்தான் என்று முடிவுகட்டி, மனைவிக்குச் சொல்லாமலே வீட்டை வாங்கிவிட்டார்.

அனஸ்ரேசியா அதிகம் கத்தவில்லை. “முதல் பாப்பம். எனக்குப் பிடிச்சால் ரிக்கெற் போடுங்கோ. பிடிக்காட்டில் லோறென்ஸ்கூக்கிலை என்ரை தம்பி வின்சென்ற்றின்ரை பக்கத்து வீட்டை எடுப்பம்” என்றாள்.

மச்சானுக்குப் பக்கத்து வீடு! அதற்கு வார்டோவுக்கே திரும்பிப் போய் மீன் வெட்டலாம்.

வீட்டை விற்ற ஆசெப் எதிரே இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மீன் ஆலையில் பன்னிரண்டு வருடம் தமிழர்களோடு ஒரே மேசையில் கத்தி பிடித்தவர். அவருக்குத் தமிழில் பேசவும் வரும், ஏசவும் வரும். ஊரில் தம்பி சீமெந்து வீடு கட்டிவிட்டதால், தாய் இருந்த பழைய வீட்டை நண்பருக்குக் கொடுத்திருந்தார்.

“மிச்ச அலுவலெல்லாம் ஆயத்தமோ அண்ணை?” என்றார் ஆசெப்.

“எல்லாம் ஆயத்தம்” என்றார் ஜெயரத்தினம். சூட்கேஸ்கூட வாங்கியாயிற்று.

வின்சென்ற் விடவில்லை. “அத்தான், வெளிநாட்டுக்காரர் அங்கை காணி வாங்கேலாது. சட்டம். நான் நெற்றிலை பாத்தனான்.”

“நான் காணியே வாங்கினனான்? வீடல்லோ வாங்கினனான்! ஆசெப், நீயே சொல்லு.”

“ஓம். காணிக்குத்தான் சட்டம். வீட்டை ஆரும் வாங்கலாம்.”

“கேட்டியே வின்சென்ற்?”

“கேட்டனான். அந்த விலைக்கு லோறென்ஸ்கூக்கிலை ஒரு காராஜ் கதவும் வராது. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.”

அங்கே ஆசெப்பின் தம்பி கைபேசியோடு வீட்டைச் சுற்றி நடந்தார். வாசலுக்குக் கீழே மீன்குளம். கை நீளக் கெண்டைகள் துள்ளின. அதற்கும் கீழே படிபடியாக நெல்வயல். மரத்தடியில் பெண்கள் மூன்று பெரிய பானைகளைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

அனஸ்ரேசியா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். “ஆசெப், உதென்ன அவ்வளவு பெரிய சமையல்?”

“வீடு ஒண்டு கைமாறினால் ஊர் முழுக்க வரும் அக்கா. ஒருத்தரும் கூலி வாங்காயினம். சோறும் மீனும் குடுத்தால் காணும்.” சொல்லிவிட்டு ஆசெப் தம்பியோடு தங்கள் பாஷையில் சத்தமாகக் கதைக்கத் தொடங்கினார்.

அனஸ்ரேசியா வின்சென்ற்றின் முதுகில் ஒன்று போட்டாள். “விசரா, உது புதுவீட்டுக் குடிபூரலடா! மூங்கில் பந்தலுக்கு. அடிக்க வந்திருக்கினமாம்!”

“நாங்கள் வரமுந்தியே குடிபூரலோ அக்கா?”

“அது அவையின்ரை முறையாக்கும்.” அவள் கண்ணைத் துடைத்தாள். “இந்த மாடிக்கு நாங்கள் குடிவந்தபோது கீழ்வீட்டு மனுசி மட்டும்தான் கதவைத் தட்டினவ. அதுவும் சத்தம் போடாதேங்கோ எண்டு சொல்ல. அங்கை பார், முகம் தெரியாத எங்களுக்காக நாப்பது பேர்.”

அவள் கணவரின் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சாருங்கோ, ரிக்கெற்றைப் போடுங்கோ.”

ஜெயரத்தினம் மச்சானைப் பார்த்தார். நொந்த இரண்டு கால்களையும் நீட்டி, கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

வின்சென்ற் கண்ணாடியைக் கழற்றினார். “சரி அத்தான், நான்தான் பிழை. ஆசெப் நேர்மையான மனுசன். உங்களை ஒருத்தரும் ஏமாத்தேல்லை.” பிறகு கொஞ்சம் செருமினார். “தைமாதத்திலை நானும் ஒரு கிழமை வரலாமே?”

“வாவன். குளத்துப் பக்கத்து அறை உனக்கு” என்றார் ஜெயரத்தினம், பெரிய மனதோடு.

திரையில் கறுப்புத் தொப்பி போட்ட ஊர்த் தலைவர் முன்னுக்கு வந்து கையசைத்தார். நாற்பது பேரும் சேர்ந்து கையசைத்தார்கள். இங்கே குடும்பத்தார் மூவரும் எழுந்து நின்று கையசைத்தார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

“என்னவாம் ஆசெப்? தொடங்கட்டோ எண்டோ? தொடங்கச் சொல்லு!”

“தொடங்கலாம் அண்ணை. மழையும் விட்டிட்டுது, ஆக்களும் காணும். நீங்கள் ஒண்டை மட்டும் சொல்லவேணுமாம்.”

“என்னத்தை?”

“வீட்டை எந்தக் காணிக்குத் தூக்கிக்கொண்டு போறது?”