தங்கக்கட்டி

ரெஜினா தன் நாயைத் "தங்கக்கட்டி" என்று கூப்பிடுவாள். அவசரத்துக்கு வெறும் "கட்டி". அதற்கும் அது வாலாட்டிக்கொண்டு ஓடிவரும்.

தடுப்பூசி போடப் போன இடத்தில், நாய்க்கு வயசாகிவிட்டதே என்று டாக்டர் அதன் ரத்தத்தையும் சோதித்தார். மெஷினுக்குள் போய்வந்த ரத்தம் கண்ணாடிக் குழாய்க்குள் வெலவெலத்துப் போயிருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றது நாய்.

"இத்தனை வருஷம் உனக்குள்ளதான் சுத்தினேன். என்கிட்டயே இப்படியொண்ணு ஒளிஞ்சிருந்தது எனக்குத் தெரியலியே!" என்றது ரத்தம்.

"போடா! காலையில ரெண்டு முட்டை தின்னேன். எனக்கென்ன?"

டாக்டர் ரெஜினாவிடம் திரும்பினார். "ரத்தத்துல புற்றுநோய்க்கான அடையாளம் தெரியுதும்மா. உள்ள எங்கேயோ கட்டி இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பாத்துடுவோம்."

நாய் துள்ளி எழுந்தது. "கேட்டியா? டாக்டருக்குக்கூட என் பேர் தெரிஞ்சிருக்கு!"

குழாயில் ரத்தம் உறைந்துபோனது.

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. ரெஜினா நாயைக் கூப்பிட வாயெடுத்தாள். எப்போதும் சொல்லும் பெயரை விட்டுவிட்டு, "வா" என்று மட்டும் சொன்னாள்.

நாய் நகரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று வாலாட்டிக்கொண்டே காத்திருந்தது.